கீலுக்குள் மாவு

மடக்குப் போனைத் திறந்து, மூடி, மறுபடியும் காதருகே கொண்டுபோய் மெதுவாகத் திறக்கிறார். பார்வை எங்கோ சுவரில் நிற்கிறது. "இப்ப கேட்டுச்சா?" என்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "கீல் லேசா கரகரங்குது. போன வாரம் இப்படி இல்ல. வயசாகுது, பாவம்." அதை மேஜையில் வைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

புதிதாக வரும் போன்களைப் பயன்படுத்திப் பார்த்து, நல்லது கெட்டதை இணையத்தில் காணொளியாகப் பேசுவது அவர் தொழில். பார்க்கிறவர்கள் அவருக்கு 'ஒரு நிமிஷம் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தக் காணொளியானாலும் "ஒரு நிமிஷம். அவசரப்படாதீங்க, உக்காந்து கேளுங்க" என்றுதான் தொடங்குவார். வீட்டிலும் அதே பல்லவிதான். சாப்பிடக் கூப்பிட்டால் "ஒரு நிமிஷம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த நிமிஷத்துக்குள் சோறு ஆறி, கணவர் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் விட்டிருப்பார்.

படப்பிடிப்புத் தளம் என்று அவர் சொல்வது படுக்கையறையின் ஒரு மூலை. அலமாரிக் கதவில் தொங்கும் சாம்பல் நிறப் போர்வைதான் பின்னணி. இஸ்திரி போடும் மேஜைமேல் விளக்கு. கேமராவுக்குப் பின்னால் கட்டில் விளிம்பில் கணவர் உட்கார்ந்திருப்பார். அவர் பள்ளியில் இசை ஆசிரியர். போன் விஷயத்தில் அவருக்கு அக்கறையே கிடையாது. அதற்காகத்தான் அவரை உட்கார வைப்பதாம். "இவர் எங்க கொட்டாவி விடறாரோ, அந்த எடத்த வெட்டிடுவேன். இவரே கண்ணு முழிச்சுக் கேட்டா அது நல்ல வீடியோ." கணவர் மறுக்கவில்லை. "ரெண்டு தடவ தூங்கியே போயிட்டேன். அது ரெண்டையும் இவ போடவே இல்ல" என்றார்.

மடக்கும் போன்கள் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். பெரிய திரையைப் புத்தகம்போல மூடிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பதை இன்னமும் ஒரு வித்தையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். பிரியம் முற்றி வேறு இடங்களிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் கதவை உள்ளே வந்த பிறகு ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடிப் பெட்டி, மடக்கு நாற்காலி, சமையலறைக் குப்பைத் தொட்டியின் மூடி எதையும் சும்மா விடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், "உங்க வீட்டம்மா வந்துட்டுப் போனா எண்ணெய் போட வேண்டிய கதவெல்லாம் தெரிஞ்சுடும்" என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தாராம்.

இவ்வளவு பிரியம் வைத்திருந்ததால்தான் அந்தச் சம்பவம் அவரை ஆட்டிவிட்டது.

கணவரின் தங்கை, அதாவது அவருடைய நாத்தனார், ரொட்டிக் கடை நடத்துகிறார். தோள் அகன்ற, குரல் கனத்த பெண்மணி. வீட்டில் கடைக்குட்டி என்பதால் இந்த வயதிலும் எல்லோருக்கும் பாப்பாதான். ஒரு நிறுவனம் புது மடக்குப் போன் ஒன்றை வெளியிட்டபோது 'ஒரு நிமிஷம் அக்கா'வுக்கும் ஒன்று அனுப்பியிருந்தார்கள். இரண்டு வாரம்கூட முழுதாக அவர் அதைப் பயன்படுத்தவில்லை. வெளியீட்டு நாளன்றே காணொளி வந்தாக வேண்டும், வராவிட்டால் யார் பார்ப்பார்கள். லட்சக்கணக்கான முறை மடக்கிப் பார்த்த கீல் என்று நிறுவனம் எழுதியிருந்ததை அப்படியே சொல்லி, கடைசியில் "கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று முடித்தார். பாப்பா அதைப் பார்த்துவிட்டு மறுநாளே வாங்கிவிட்டார்.

நாலைந்து மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ரொட்டி செய்முறையைத் திரையில் விரித்து, அடுப்புக்கு மேலே சுவர்த் தட்டில் நிறுத்தி வைத்துக்கொண்டு பாப்பா மாவு பிசைவார். பிறகு ஒருநாள் போன் முழுதாக விரிய மறுத்தது. மறுவாரம் மடிப்பின் மேல் திரையின் பாதுகாப்புப் படலம் கொப்புளம்போல எழும்பியது. அதற்கடுத்து நடுவே ஒரு கறுப்புக் கோடு விழுந்து, திரையில் ஒரு பாதி அணைந்துவிட்டது. பழுது பார்க்கும் மையத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பயன்படுத்தியவர் தவறு என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணனும், அதாவது அக்காவின் கணவரும், தன் பங்குக்கு, "எங்கயாவது கீழ போட்டிருப்ப, ஞாபகம் இருக்காது" என்று சொல்லிவைத்தார்.

பாப்பா அந்தப் போனை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தார்.

"சண்டை போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்கிறார் அக்கா. "போன மேஜையில வெச்சா. 'அண்ணி, கடைக்காரன் சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன். நீங்க சொன்னீங்கன்னு வாங்கினேன்'னா. அவ்ளோதான். அதுக்கப்புறம் குழந்தைங்க படிப்பு, கால் வலி, எல்லாம் சாதாரணமா பேசிட்டுப் போயிட்டா."

மறுநாள் காலை ரொட்டிக் கடைக்குப் போனார். நிறுவனம் அனுப்பிய அதே போன் அவரிடம் சும்மாதான் கிடந்தது. அதை அடுப்புக்கு மேலே, பாப்பாவின் போன் இருந்த அதே தட்டில் வைத்தார். "இத உன்னுது மாதிரியே வெச்சுக்க. பத்திரமா வெச்சுக்கணும்னு மட்டும் நெனைக்காத" என்றார். பாப்பாவுக்குக் கோபம் வந்தது. "நான் என்னுத பத்திரமாத்தான் வெச்சிருந்தேன், அண்ணி." அக்கா ஏப்ரன் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் மாவு புகையாக எழுந்து, தட்டின் மேல், போனின் மேல், தன் இமையின் மேல் வந்து உட்கார்வதைப் பார்த்தார். "அவங்க மிஷின் வெச்சு லட்சம் தடவ மடக்கினது பொய்யில்ல. ஆனா மிஷின் இருந்த ரூம்ல மாவு இல்லையே. இத நான் கேட்டிருக்கணும். கேக்கறதுதான என் வேலை?"

குளிர்காலம் முடிவதற்குள் அந்தப் போனும் விரிய மறுத்தது. அதே கொப்புளம். கொஞ்ச நாளில் அதே கோடு.

அன்று பாப்பா மாவுக் கையோடு சிரித்த சிரிப்பை அக்கா இப்போதும் நடித்துக் காட்டுகிறார். போன் கெட்டுப்போனதற்கு யாரும் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லையாம். "என் அண்ணனக் கூப்பிடுங்க, கீழ போட்டேனான்னு கேக்கணும்" என்றாராம். கணவர் வந்து தப்பை ஒத்துக்கொண்டு, அரை நாள் ரொட்டித் தட்டு கழுவிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

பழைய காணொளியை எடுத்துவிடச் சிலர் யோசனை சொன்னார்கள். அக்கா எடுக்கவில்லை. புதிதாக ஒன்று எடுத்தார். பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு போனையும் முன்னால் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். "கண்ண மூடிட்டு வாங்கலாம்னு சொன்னேன். நான்தான் கண்ண மூடிட்டுச் சொல்லியிருக்கேன்" என்ற இடத்தில் கட்டில் விளிம்பிலிருந்து கணவர் இருமுவது கேட்கும். அதை வெட்டவில்லை.

நிறுவனத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மிக மரியாதையான குரல். "மேடம், ஒரு வீட்டுல நடந்தத வெச்சு இப்படிப் பேசலாமா?" அக்கா, "நீங்க விக்கறதே வீட்டுக்குத்தானே சார்" என்றார். பாப்பாவின் போனுக்குச் சத்தமில்லாமல் புதுத் திரை மாற்றிக் கொடுத்தார்கள். அக்காவுக்குப் புதுப் போன் பெட்டி வருவது மட்டும் நின்றது. அந்த நிறுவனம் நிறுத்தியதைப் பார்த்து இன்னும் சிலரும் நிறுத்தினார்கள். வெளியீட்டு நாளன்று மற்றவர்களெல்லாம் பேசிக்கொண்டிருக்க, இவர் துணி மடித்துக்கொண்டிருப்பார். முதலில் அது உறுத்தியது என்கிறார். அவரை விட்டுப்போன பார்வையாளர் கூட்டமும் கொஞ்சம் அல்ல.

பிறகு வேறு பெட்டிகள் வரத் தொடங்கின. நீச்சல் சொல்லித் தரும் பெண் ஒருத்தி, ஈரத்தில் ஊறிய தன் போனை அனுப்பினாள். சுவருக்கு வர்ணம் அடிப்பவர், லாரி ஓட்டுபவர், நாய்க்கு முடி வெட்டுபவர் என்று ஒவ்வொருவரும் தாங்கள் ஒரு வருஷம் புழங்கிய போனை, என்ன ஆனது என்ற விவரத்தோடு அனுப்புகிறார்கள். இவர் பார்த்துப் பேசிவிட்டுத் திருப்பி அனுப்புகிறார். "புதுசு குடுத்தவங்க நின்னுட்டாங்க, பழசு குடுக்கறவங்க வந்துட்டாங்க. எனக்கு இதுதான் ஒத்துக்குது. புதுசு எல்லாம் ஒரே மாதிரி பேசும். பழசு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை." இவற்றில் நன்றாக உழைத்த மடக்குப் போன்களும் உண்டு, அவற்றைப் புகழும்போது முகம் மலர்ந்துவிடுகிறது. "மடக்குப் போனே மோசம்னு நான் சொல்லவே மாட்டேன். என் மேஜைல அது ராஜா."

திரை மாற்றிய போனைப் பாப்பா ஏற்கவில்லை, அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். அது இப்போது பள்ளியில் பியானோவின் மேல் விரிந்து நின்று, இசைக் குறிப்புகளைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பாப்பாவின் அடுப்புத் தட்டில் சாதாரணத் தட்டைப் போன் ஒன்று இருக்கிறது. அதை வாங்குவதற்கு முன்பும் அவர் இங்கே வந்து கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். இதைச் சொன்னபோது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பித் திரைச்சீலையைச் சரிசெய்தார்.

நான் கிளம்பும்போது தானும் கடைத்தெரு வரை வருவதாகச் சொன்னார். விளக்குக்கு ஒரு பல்பு வேண்டும். போன் கடை வாசலில் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். நடுத்தர வயது, காலரைப் பொத்தான் போட்டு மூடிய சட்டை. கையோடு உள்ளே அழைத்துப்போய்க் கண்ணாடி மேஜையைக் காட்டினார். பெட்டி பிரித்த ஒரு மடக்குப் போன் அங்கே விரிந்து மின்னிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சிரித்தபடி நின்றார்.

"உங்கள பாத்ததே நல்ல நேரம்க்கா. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடுவேன்."

"ஒரு நிமிஷம். என்ன வேலை பாக்கறீங்க?"

"மர வேலைக்கா. நாற்காலி, மேஜை. சொந்தப் பட்டறை."

அக்கா அவருடைய வலது கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். ரேகைகளிலும் நக இடுக்கிலும் மரத்தூள் வெளிறிக் கிடந்தது. கையை விட்டார். மேஜைமேல் விரிந்திருந்த போனை மெல்ல மூடி, கண்ணாடியின் மேலாகக் கடைக்காரர் பக்கம் நகர்த்தி வைத்தார்.