ரிங்குக்குள் சந்தனம்

எங்கள் கம்பெனியில் கேன்டீனுக்குப் போகிற வழியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட தாள். மேலே பெரிய எழுத்தில் "தவறிலிருந்து கற்றோம்" என்று இருக்கும். கீழே ஒரே வரி: "மாஸ்டர் ரிங்கைத் தினமும் துடைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்."

தினமும் துடைத்துக்கொண்டுதான் இருந்தோம். பதினாறு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். அதைத் துடைக்காத நாளை நான் பார்த்ததில்லை. அந்தத் தாளில் இருப்பது பொய். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன்.

நாங்கள் செய்வது பம்ப் மோட்டாருக்குப் போடுகிற மூடி. மூடியின் நடுவில் பேரிங் உட்கார ஒரு ஓட்டை. அது கொஞ்சம் இறுகினாலும் பேரிங் சூடாகி மோட்டார் போய்விடும். ஓட்டையை அளக்க டயல் கேஜ் இருக்கிறது. அந்த கேஜ் சரியாகக் காட்ட வேண்டும் என்று தினமும் காலையில் ஒரு இரும்பு வளையத்துக்குள் விட்டு ஜீரோ வைப்போம். அந்த வளையம்தான் மாஸ்டர் ரிங். அது தப்பானால் கேஜ் தப்பு. கேஜ் தப்பானால் அன்றைக்குப் போட்ட அத்தனை மூடியும் தப்பு.

ஜீரோ வைப்பது சோமனூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தி. என்னைவிட எட்டு வயது சின்னவள். ஏழு வருடமாக காண்ட்ராக்டில் இருக்கிறாள், வருடா வருடம் நீட்டிப்பார்கள். இரண்டு பெண்கள் காலேஜில் படிக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டது, அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவள் ஜீரோ வைத்த கேஜை வைத்து அவிநாசிக்காரர் ஒருவர் மிஷினை செட் பண்ணுவார். கடைசியில் நான் அதே கேஜில் அளந்து கையெழுத்துப் போட்டால் மூடி பேக்கிங்குக்குப் போகும்.

கம்பெனியில் வாய் உள்ளவள் என்று எனக்குப் பேர். சாம்பார் தண்ணியாக இருந்தால் சமையல்காரரைக் கூப்பிட்டுக் கரண்டியால் ஊற்றிக் காட்டுவேன். மேனேஜரே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வாய் தேவைப்பட்ட நேரத்தில் எங்கே போனது என்று சொல்வதற்காகச் சொல்கிறேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு மிஷினெல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்தாயிற்று. முதலாளி வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனுசர். யாரையும் நீ வா போ என்று சொல்ல மாட்டார், வயசானவர்களை வாங்க என்பார், சின்னவர்களைக் கண்ணு என்பார். அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அங்கே யாருக்கும் மனசு வராது. அதுதான் சிக்கலே. கத்துகிற முதலாளியாக இருந்தால் எங்களில் யாராவது ஒருத்தர் திருப்பிக் கத்தியிருப்பார்.

ஒவ்வொரு மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர் எங்கள் மேஜை முன்னால் நின்றார். ரிங் இருந்த பெட்டியை அவரே திறந்தார்.

"இது நல்லா இருந்தாத்தானுங்க நாம எல்லாம் நல்லா இருக்கறது."

மூன்று விரலால் சந்தனத்தை எடுத்து மேலே ஒரு பட்டை, உள்ளே ஒரு சுற்று, மேலே குங்குமம். கையெடுத்துக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம்.

சோமனூர்க்காரி என் முந்தானையை இழுத்தாள். "அக்கா, உள்ளார போயிருச்சுங்க."

"சாமி காரியத்துல என்னத்தச் சொல்றது. உடு கண்ணு, வந்து தொடச்சுக்கலாம்."

இதைச் சொன்னது நான்.

லீவு முடிந்து வந்த அன்று காலையில் அவள் ரிங்கைக் கழுவ தின்னரை எடுத்தாள். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். முதலாளி ரவுண்ட்ஸ் வருவார், பொட்டை எல்லாம் உடனே அழித்துவிட்டால் சங்கடப்படுவார், மேலாகத் துடைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவளும் பனியன் துணியால் உள்ளே விட்டுத் துடைத்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காய்ந்த சந்தனம் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படலம் அளவுக்கு ரிங் சிறுத்துப் போனது. அந்த ரிங்கில் ஜீரோ வைத்து அறுத்த ஓட்டை எல்லாம் சிறுத்தது. அதே கேஜில் அளந்து எல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று நாள்.

நாலாவது நாள் அவள் ஜீரோ வைத்து முடித்த பிறகு ரிங்கைப் பெட்டியில் வைக்கப்போனேன். விளக்கு வெளிச்சத்தில் உள்ளே மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தது. தின்னர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நானே திரும்ப ஜீரோ வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. அவளைக்கூட.

கால் மணி நேரத்தில் அவிநாசிக்காரர் வந்தார்.

"ஏனுங்க்கா, திடீர்னு இருபது மைக்ரான் தாவுது? கேஜைக் கீழ கீது போட்டீங்களா?"

"ரிங்கு அழுக்கா இருந்துச்சுங்க. கழுவிப்போட்டேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப மூணு நாளா போனதுங்க?"

"போனது போச்சு. கஸ்டமர் என்ன ஒவ்வொண்ணா அளந்தா பார்க்கறான்?"

சிரித்தார். போய் மிஷினில் அளவை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தார். இருபது மைக்ரான் என்பது தலைமுடியில் கால்வாசி. அந்தக் கால்வாசி முடி எங்கள் இரண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டுவிட்டது. அன்றைக்கே சொல்லியிருந்தால் பாதிச் சரக்கையாவது நிறுத்தியிருக்கலாம், அது கம்பெனி குடோனிலேயே இருந்தது.

பத்து நாள் கழித்து லாரியில் எல்லாம் திரும்பி வந்தது. பேரிங் உள்ளே போகவில்லை, சுத்தியல் போட்டு இறக்கினால் சூடாகிறது என்று கடிதம் வேறு.

மீட்டிங் போட்டார்கள். எங்கள் மேனேஜர் எங்கோ ட்ரெயினிங் போய்விட்டு வந்தவர். தப்பு நடந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்க வேண்டும், கேட்டால் வேர் கிடைத்துவிடும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தார். ஏன் பேரிங் போகவில்லை? ஓட்டை சிறுசு. ஏன் சிறுசு? கேஜ் தப்பாகக் காட்டியது. ஏன்? ஜீரோ தப்பு. ஏன் ஜீரோ தப்பு?

என்னைப் பார்த்தார். "ரிங்குக்குள்ள அழுக்கு இருந்துச்சுங்க, நாலாவது நாள் கழுவினேன்" என்றேன். சந்தனம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அழுக்கு என்றேன். முதலாளி உட்கார்ந்திருந்தார்.

அழுக்கு என்று எழுதினார். அடுத்ததற்குப் பேனாவைத் தூக்கியவர் ஒரு நிமிடம் நின்றார். அவருக்கும் தெரியும். அழிக்க வேண்டாம் என்று சொன்னவரே அவர்தானே. முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதினார்: "ஆபரேட்டர் துடைக்கவில்லை."

நாலு தடவை ஏன் என்று கேட்டுவிட்டு ஐந்தாவதுக்கு ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பலகை முன்னால் இருபது பேர் இருந்தோம். பூஜையில் அந்த மேஜையைச் சுற்றி நின்று கும்பிட்டவர்கள் எல்லாம் அதில் இருந்தோம். ஒருத்தர் கால் நகத்தைப் பார்த்தார், அவிநாசிக்காரர் செல்போனைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

முதலாளி சோமனூர்க்காரியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "இத்தன வருசமா இருக்கறீங்க அம்மணி. கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதுங்களா?"

தான் சந்தனம் வைத்தது அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. அவள் எழுந்து நின்று, "சரிங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாளே அவளை அளவு மேஜையிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டி ஒட்டப் போட்டார்கள். மாசக் கடைசியில் காண்ட்ராக்ட் முடிகிறது, நீட்டிப்பது சந்தேகம் என்று ஆபீஸில் பேச்சு. அன்று மத்தியானம் கேன்டீனில் எப்போதும் போல அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் டப்பாவைத் திறக்கவில்லை.

"நீங்க பேசுவீங்கன்னு பார்த்தனுங்க்கா."

"எப்படிக் கண்ணு, முதலாளி முன்னால..."

"சாம்பாருக்கு மட்டுந்தான் வருமாட்ட இருக்குது உங்க வாயி."

டப்பாவை எடுத்துக்கொண்டு பேக்கிங் பெண்கள் மேஜைக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. முதலில் அவள்மேல் வந்தது. நீயே சொல்லியிருக்கலாமே, உனக்கு வாயில்லையா என்று. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் புரிந்தது. அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். என் முந்தானையை இழுத்துச் சொன்னாள். உடு கண்ணு என்றது நான். காண்ட்ராக்டில் இருக்கிறவள் ஒரு தடவை சொல்வாள். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியது பர்மனென்டில் இருக்கிற என் வேலை.

திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் மிஷின் முன்னால் நிற்க வைத்து மேனேஜர் அந்தத் தாளை வாசித்தார். முதலாளியும் நின்றார். வாசித்து முடித்ததும் கை தட்டச் சொன்னார்கள்.

"சார், அதுல இருக்கறது பொய்யுங்க" என்றேன்.

"அப்புறம் பேசிக்கலாங்க்கா."

"அப்புறம் அப்புறம்னுதானுங்க லாரி திரும்பி வந்துச்சு. ரிங்குல இருந்தது அழுக்கில்லீங்க, பூஜைச் சந்தனம். அன்னிக்கே உள்ள போயிருச்சுன்னு இந்தப் புள்ள எங்கிட்டச் சொல்லுச்சு. நாந்தான் உடுன்னேன். கழுவப் போனவளை மேலாகத் துடைன்னது நீங்க. மூணு நாள் சரக்கு தப்புன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தது நானு."

முதலாளி முகம் சுருங்கிப்போனது. "சாமிக்கு வெச்சதைக் குத்தஞ் சொல்றீங்களா அம்மணி?"

"சாமி என்ன பண்ணுமுங்க? வெச்சது உங்க கையிங்க."

பின்னாலிருந்து லேத்காரர் ஒருவர், "அடுத்த வருசம் ரிங்க உட்டுப்போட்டு மேனேஜருக்குப் பொட்டு வெச்சரலாமுங்க" என்றார். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவிநாசிக்காரருக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"அக்கா சொல்றது நெசமுங்கண்ணா. அளவு தாவுச்சு, நானும் பார்த்தேன். கேட்டேன். போனது போச்சுன்னாங்க, சரின்னு உட்டுட்டனுங்க."

என்னையும் சேர்த்து மாட்டிவிட்டுத்தான் நிறுத்தினார். அதுவும் சரிதான்.

முதலாளி, "வேலையைப் பாருங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த வாரமே எனக்கும் அவிநாசிக்காரருக்கும் மெமோ வந்தது. மேனேஜருக்கு வரவில்லை. ஸ்டோர்ஸில் சொல்லி, தேய்ந்துபோன பழைய ரிங் ஒன்றை இனிமேல் பூஜைக்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொன்னாராம் முதலாளி. ஆக, அவருக்குப் புரிந்திருக்கிறது. புரிந்ததை இருபது பேர் முன்னால் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? தாளையும் மாற்றச் சொல்லவில்லை. தன் தப்பை ஸ்டோர்ஸில் ரகசியமாகச் சரி பண்ணிக்கொள்வார், அவள் தப்பைக் கேன்டீன் வழியில் ஒட்டுவார். இதற்கு மரியாதை என்று வேறு பேர்.

மாசக் கடைசியில் அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பவும் அளவு மேஜைக்கே போட்டார்கள். காண்ட்ராக்டையும் நீட்டினார்கள். எப்போதும் ஒரு வருடத்துக்கு நீட்டுவார்கள், இந்த முறை மூன்று மாதம். நான் நேராக மேனேஜரிடம் போய், மூணு மாசம் எதுக்குங்க என்று கேட்டேன். பார்க்கலாமுங்க்கா என்றார். எதைப் பார்ப்பது என்று கேட்டேன். அவர் ஃபைலைத் திறந்துகொண்டார்.

மேஜைக்கு வந்தபோது அவள் காண்ட்ராக்ட் காகிதத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். என்னோடு பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"மேனேஜரைப் போய்க் கேட்டீங்களாமா?"

"கேட்டேன். பார்க்கலாம்ங்கறான்."

"நாளைக்கும் போய்க் கேளுங்க" என்றாள். "நாளானிக்கும் கேளுங்க. ஒரு வருசம்னு எழுதித் தர்ற வரைக்கும் கேளுங்க. நான் கேட்டா அனுப்பிச்சுப்போடுவாங்க. உங்களை அனுப்ப முடியாது."

சொல்லிவிட்டு ரிங்கை எடுத்து ஜீரோ வைக்க ஆரம்பித்தாள். நான் மறுநாள் போய்க் கேட்டேன். இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.