மூன்றாம் மாடியின் ஐஸ் பெட்டி

கனகேஸ்வரி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது 1983-இல், ஜெலுத்தோங் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு அறை கேட்டுப் போனபோது. கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யாரும் கேட்காவிட்டாலும் சான்றிதழைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அக்கா அதை மரியாதையாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாழ்ப்பாணப் பேச்சில், "நல்லது தம்பி. வெயிலுக்காலை வந்திருக்கிறீர், முதலிலை தண்ணி குடியும்" என்று ஐஸ் பெட்டியைத் திறந்தார். கதவுத் தட்டு முழுக்கக் குழந்தைகளின் மருந்துப் போத்தல்கள். வீட்டிலோ சின்னப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"இவ்வளவும் யாருக்குக்கா?"

"மாடியிலை இருக்கிற பிள்ளையளுக்கு. தண்ணி, ஐஸ், மோர், என்ன வேணுமெண்டாலும் கேளும். மருந்தை மட்டும் கேக்காதையும்."

ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவரும் எதிர்வீட்டு ஹபீபா பீவியும் நான் அங்கே குடிவந்த பிறகு துண்டு துண்டாகச் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் கணவர் விநாசித்தம்பி துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. நாட்டைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடமிருந்து அந்த ஐஸ் பெட்டியை வாங்கினார். அந்தக் காலத்தில் மூன்றாம் மாடியில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது. வந்த வாரமே அது ஊர்ப்பொதுவாகிவிட்டது. பக்கத்து வீட்டு லெட்சுமியின் மீன் ஒரு பக்கம், ஹபீபா அரைத்த மசாலா ஒரு பக்கம்.

"எல்லாம் வையும் பிள்ளை, மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம்" என்பார் அக்கா.

"வச்சா நீங்க கறி ஆக்கிச் சாப்பிட்டுருவீங்களோன்னு எனக்கும் பயமாத்தான்க்கா இருக்கு" என்று ஹபீபா சிரிப்பாள்.

மருந்துப் போத்தல்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்குத் தொண்டையிலோ காதிலோ சீழ் வைத்தால், கிளினிக்கில் பென்சிலின் வகை மருந்துப் பொடியில் தண்ணீர் கலந்து போத்தலில் கொடுப்பார்கள். கலந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். குளிர் இருந்தது அக்கா வீட்டில். லெட்சுமி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போய்விட்டால், அவள் மகளுக்கு அக்காவே குலுக்கி ஊற்றிக் கொடுப்பார்.

காய்ச்சல் விட்டதும் தாய்மார் வருவது நின்றுவிடும். மிச்ச மருந்து தட்டிலேயே தங்கிவிடும். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? அக்காவுக்கும் வரவில்லை. வேறொரு பிள்ளை இருமினால் அதிலிருந்து ஒரு கரண்டி. மாடிப் பெண்கள் அவரை 'டாக்டரக்கா' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கேட்கும்போது அக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

1978-இல் ஒரு மாலை, நான்கு வயது சாதிக்கை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஹபீபா வந்தாள். பையனுக்குக் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை. அவள் கணவர் சீனி முகம்மது பசம்பூர் என்ற காய்கறிக் கலவை விற்கும் வண்டியோடு பசார் சந்தைக்குப் போயிருந்தார்.

"அக்கா, லெட்சுமி மவ குடிச்ச ரோஸ் மருந்து மிச்சம் இருக்குல்ல? இவனுக்கும் அதே தொண்ட வலிதான் லா. கொஞ்சம் ஊத்துங்க."

அக்கா குலுக்கி ஊற்றினார். சாதிக் உதட்டை நக்கிக்கொண்டு, "இன்னும்" என்றான். இருவரும் சிரித்தார்கள்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து ஹபீபாவின் அலறல். அக்கா ஓடிப் பார்த்தார். பிள்ளையின் உடம்பெங்கும் சிவந்த தடிப்பு. உதடு வீங்கி முகமே மாறிப் போயிருந்தது. மூச்சு விசில்போல இழுத்தது. கொடுத்தது தன் கை என்பது தவிர அக்காவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கீழே வொர்க்ஷாப் வைத்திருந்த சீனர் கேள்வி கேட்காமல் வேனை எடுத்தார். அக்கா அந்தப் போத்தலை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். மூச்சு மெல்லத் தணிந்தது. டாக்டர் போத்தலை வாங்கிப் பார்த்தார்.

"இது பென்சிலின் வகை. இவனுக்கு முன்னாடி எப்பவாச்சும் ஒத்துக்காமப் போயிருக்கா?"

ஹபீபா திருதிருவென்று விழித்தாள். "கைப்பிள்ளையா இருக்கறப்ப ஒரு மருந்து குடிச்சான் டாக்டர். ஒடம்பெல்லாம் திட்டுத் திட்டா வந்துச்சு. வேர்க்குருன்னு நெனச்சு பவுடர் போட்டு விட்டேன்."

"அது வேர்க்குரு இல்லம்மா, அலர்ஜியாத்தான் இருக்கணும். இந்த வகை மருந்து இனிமே இவனுக்குக் கூடவே கூடாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல இதச் சொல்லுங்க. ஒரு பிள்ளைக்குக் குடுத்த மருந்த அந்தப் பிள்ளைதான் குடிக்கணும், அதுவும் சொன்ன நாள் வரைக்கும். மிச்சம் வச்சு இன்னொண்ணுக்குக் குடுக்கற பழக்கத்த விடுங்க."

சாதிக் பிழைத்தான். வீடு திரும்பிய அக்கா மிச்ச மருந்தையெல்லாம் கொட்டினார். பிள்ளைகள் இன்னும் குடித்து முடிக்காத போத்தல்களை அந்தந்தத் தாயிடமே கொடுத்துவிட்டு ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார்.

"என்னக்கா, ஐஸ் பெட்டி ரிட்டையர் ஆயிருச்சா?" என்று லெட்சுமி சீண்டினாள். "இதுக்குள்ளை இனி என்ரை சட்டையளை மடிச்சு வைப்பமோ?" என்று விநாசித்தம்பியும் கேட்டுப் பார்த்தார். அக்கா கதவுத் தட்டைத் துடைத்துப் பெட்டியைச் சாத்தினார்.

எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. தன் முகத்தில் விழிக்க ஹபீபாவுக்குப் பிடிக்கவில்லை என்றே அக்கா நம்பினார். துணி காயப்போடப் போகும்போதுகூட அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். யாழ்ப்பாணத்தம்மாவுக்கும் பசம்பூர்க்காரர் வீட்டுக்கும் சண்டை என்று மாடி முழுக்கப் பேச்சு. கூடப்பிறந்தவள்போல் பழகியவள் போனாள் என்பதுதான் அக்காவைத் தின்றது. பெயர் கெட்டதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

சில மாதங்கள் அப்படியே போயின. ஒரு நாள் வாசலில் ஹபீபா நின்றாள், கையில் புதுப் போத்தலோடு. சாதிக்குக்குக் காதில் சீழ்.

"இதையும் குளிர்ல வைக்கச் சொன்னாங்கக்கா."

"வேண்டாம் பிள்ளை. என்ரை கையாலை ஒருக்கா நடந்தது போதும்."

"ஒங்க கையாலயா? கேட்டது யாரு, நான்தானே? அலர்ஜிய வேர்க்குருன்னு நெனச்ச முண்டமும் நான்தான். அந்த மொகத்த வச்சுக்கிட்டு ஒங்க வாசல்ல எப்படி நிக்கிறதுன்னுதான் கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தேன்."

"நீர் என்னை வெறுத்திட்டீர் எண்டெல்லோ நான் நினைச்சன்!"

"வெறுத்தா எம் மவன் மருந்த இங்கயா தூக்கிட்டு வருவேன்? நல்லா நெனச்சீங்க லா!" ஹபீபா மூக்கை உறிஞ்சினாள். "இது வேற வகைக்கா. கிளினிக்ல நுழைஞ்சதுமே, இவனுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு கத்திட்டேன். மொதல்ல ஒக்காருங்கன்னு டாக்டரே சிரிச்சிட்டாரு."

அக்கா போய்ப் பிளக்கைச் செருகினார். பெட்டி உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. போத்தலை வாங்கித் துடைத்தார். குரலில் கண்டிப்பைச் சேர்த்துக்கொண்டார்.

"சாதிக்கின்ரை பேரை எழுதி ஒட்டுவன். கிளினிக் குடுத்த கரண்டியாலை நீர்தான் வந்து அளந்து ஊத்த வேணும். சுகமாயிட்டுது எண்டு இடையிலை நிப்பாட்டினால் கதவைத் தட்டி இழுத்து வருவன். முடிஞ்சாப் பிறகு மிச்சம் இருந்தால் கொட்டிப்போடுவன். சரியோ?"

"சரிங்க டாக்டரக்கா."

"அப்பிடிக் கூப்பிட்டால் உம்மையும் போத்தலையும் சேர்த்து வெளியிலை விட்டிடுவன்!"

இருவரும் வாசலிலேயே நின்று அழுதார்கள். பிறகு சிரித்தார்கள். மறுநாளே மாடிப் பெண்கள் தங்கள் போத்தல்களோடு வரிசையாக வந்துவிட்டார்கள். கேட்டவருக்கெல்லாம் ஒரே சட்டம்தான். மிச்ச மருந்து கேட்டு வந்த யாருக்கும், எவ்வளவு கெஞ்சினாலும், அக்கா அதன்பிறகு ஒரு துளி கொடுத்ததில்லை. கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

இது 1994. விநாசித்தம்பி காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கனகேஸ்வரி அக்கா பாயான் பாருவில், கட்டிக்கொடுத்த மகளின் வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. ஹபீபா பீவி இன்னும் ஜெலுத்தோங்கிலேயே இருக்கிறாள். சாதிக் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை செய்கிறான்.