பெஞ்சுக் கப்பல்

திருச்சியில் நான் டீச்சராகச் சேர்ந்த நர்சரிப் பள்ளியில், காலை மணி அடித்ததும் ஆயா எங்கள் வகுப்பை வெளியிலிருந்து தாழிட்டுவிடுவார். குழந்தைகள் ஓடிவிடக் கூடாதாம். உள்ளே நானும் இருக்கிறேன் என்பது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. என்னைப் போலக் கப்பலேறி வந்துவிட்ட ரங்கூன் நண்பர்களே, நம் தெருக்கோடிக் குழந்தைப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். அங்கே மூங்கில் தட்டிதான் சுவர். வாசல் திறந்தே கிடக்கும். ஒரு பிள்ளை நத்தையோடு வந்தால் அன்றைக்கு நத்தைதான் பாடம். பிள்ளைகள் போகிற வழியில் பின்னால் போவதே என் வேலையாக இருந்தது. இங்கே மூன்று வயதுப் பிள்ளை கைகட்டி உட்கார வேண்டும். சொன்னால் சிலேட்டில் 'அ' எழுத வேண்டும்.

ஐப்பசியில் ஒரு நாள் பெருமழை. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் நுழைந்து, வகுப்பின் பள்ளமான மூலையில் தேங்கியது. பிள்ளைகள் இறங்கிப் போய் பல்பம், தீப்பெட்டி, ரப்பர் செருப்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத ஜெசிந்தா, "இது முங்கிடுச்சு! இது முங்கல!" என்று கத்தினாள். சந்தோஷத்தில் எனக்குப் பர்மிய மொழி வந்துவிட்டது. 'வாங்க, வாங்க' என்பதற்கு "லா! லா!" என்று மற்றவர்களையும் கூப்பிட்டேன்.

தாழ்ப்பாள் திறந்தது. தலைமை ஆசிரியை நின்றிருந்தார்.

"என்ன டீச்சர், பாட்டு கிளாஸ் மத்தியானம்தானே?"

"பாட்டு இல்லைங்க. எது மிதக்கும்னு அவங்களே கண்டுபிடிக்கிறாங்க."

"கண்டுபிடிக்கவா அனுப்பறாங்க? ஈரத்தோட வீட்டுக்குப் போனா யாரு பதில் சொல்றது? இன்னொரு தடவை இப்படின்னா வேற இடம் பாத்துக்குங்க."

வேறு இடம் ஏது? ரங்கூனிலிருந்து வந்த சில மாதங்களிலேயே அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறை. அதன் வாடகையும் அவர் மருந்தும் என் சம்பளத்தில்தான். "சரிங்க" என்றேன். மறுநாள் ஜெசிந்தாவைக் கைகட்டச் சொன்னேன். அவள் மறுபடி பேசாமலானாள்.

ஆனால் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். சத்தம் கேட்டால்தான் கதவு திறக்கிறது என்று கண்டுகொண்டார்கள். நான் கப்பலில் வந்தவள் என்று எப்போதோ சொன்னதும் அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எழுதி முடித்த ஒரு காலையில், பெஞ்சின் மேல் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, மூச்சுக்கூடக் கேட்காமல் சிலேட்டுகளால் துடுப்புப் போட்டார்கள். முன்னால் ஜெசிந்தா.

"டீச்சர், கப்பல் கெளம்புது. ஏறுங்க" என்றாள் ரகசியக் குரலில்.

பெஞ்சில் ஒரு காலை வைத்தேன்.

"எங்க போகணும்?"

ரங்கூன் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே இப்போது எனக்கு யார் இருக்கிறார்கள்? ஸ்ரீரங்கத்து ஒற்றை அறையை என் ஊர் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பிள்ளைகள் துடுப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கால் பெஞ்சிலும் ஒரு கால் தரையிலுமாக நான் நின்றுகொண்டே இருந்தேன்.