மார்னா வகுப்பில் இரண்டு நிமிடம்

முதலில் தொலைந்த சொல் 'சாட்சி'. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, "பொய்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காத..." என்று தொடங்கிய மார்னா ஹால்வர்சன் பாதியில் நின்றார். சொல் இருந்த இடம் காலியாக இருந்தது. உள்ளங்கை வியர்த்தது.

நீள்வட்ட மேசையைச் சுற்றியிருந்த பதினான்கு மாணவர்களும் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி பேசினாள், இன்னொருவன் மறுத்தான். வகுப்பு பிரமாதமாகப் போயிற்று.

அயோவாவின் சோளக் காடுகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் அதுதான் வழக்கம். ஆசிரியர் கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். மௌனத்தை மாணவர்தான் உடைக்க வேண்டும். பதிலைவிட யோசிக்கப் பழகுவதே படிப்பு என்று முப்பத்தொரு ஆண்டுகளாகத் தத்துவம் நடத்தியவர் மார்னா. அவர் வாயடைத்து நின்றதை யாரும் நோயென்று நினைக்கவில்லை.

நவம்பரில் அது வகுப்புக்கு மூன்று முறை என்றானது. மாணவர் பெயர்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். வியர்வையில் மை கரைந்தது.

மகள் டொரீன் பாலம் கட்டும் பொறியாளர். ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்.

"டாக்டர் சொன்ன ஸ்கேன் எடுத்தியாம்மா?"

"பனி கொட்டுதுடி. அடுத்த வாரம்."

"விரிசல் விட்ட பாலத்துக்கு நான் அடுத்த வாரம்னு சொன்னா வேலை போயிடும்."

"நான் பாலம் இல்லடி."

"ஆமா. பாலம் சொன்ன பேச்சு கேக்கும்."

டிசம்பரில் கல்லூரி முதல்வர் வெண்டல் க்ராஸ் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். அன்று தொலைந்தது ஒரு சொல் அல்ல. எல்லாமே. சுவரோரம் வெப்பக் குழாய் டிக் டிக்கென்றது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக விழுவதற்குக்கூடப் பெயர் நினைவில்லை. மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் கழித்து ஷெல்பி என்ற மாணவி பேசினாள். மார்னா மூச்சு விட்டார்.

"அந்த ரெண்டு நிமிஷம் எனக்கே வேர்த்துடுச்சு, மார்னா!" என்றார் க்ராஸ், வகுப்பு முடிந்ததும். "புதுசா வர்ற புரொபசருங்க வாயை மூடறதே இல்ல. நீங்கதான் அவங்களுக்கு இதைப் பழக்கணும். இன்னும் மூணு வருஷம் இருங்க." பணி நீட்டிப்புத் தாளை நீட்டினார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அங்கே தேர்வு அறையில் கண்காணிப்பாளர் கிடையாது. நேர்மையாக எழுதினேன் என்று மாணவரே கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுவார். முப்பத்தொரு ஆண்டுகளாக மார்னா அந்த வரியைச் சந்தேகித்ததில்லை. க்ராஸின் தாளைப் பையில் மடித்து வைத்தார். இரண்டு நாள் அதைத் தொடவே பயந்தார்.

வியாழக்கிழமை மாணவர்களிடம் சொன்னார்: "அன்னைக்கு நான் உங்களுக்காகக் காத்திருக்கல. எனக்கு வார்த்தை வரல. அதுக்கு முன்னாடியும் பல தடவை."



"அப்ப நாங்க பேசினதெல்லாம்?" என்றாள் ஷெல்பி.

"அது நீங்களா யோசிச்சது. அதுல பொய் இல்ல."

"பயமா இருக்கா, புரொபசர்?"

மார்னா வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. பதினான்கு பேரும் காத்திருந்தார்கள்.

தாள் கையெழுத்தில்லாமல் க்ராஸிடம் திரும்பியது. ஸ்கேனில் மூளையில் கட்டி தெரிந்தது. ஆகஸ்டில் மார்னா இறந்தார். கடைசி வாரங்களில் அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தும்போதெல்லாம் டொரீன் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாள். தண்ணியா? வலியா? போர்வையா? மார்னா தலையை ஆட்டி மறுத்தபடியே இருந்தார்.

டொரீனுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை.