ஏழு பேரைக் கழித்தபோது

‘எல்லோருக்கும் சமவாய்ப்பு’ என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்த வார்த்தையை நானே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர், நம்பிவிட்டார்.

எண்பதுகளின் கடைசி. சேலத்தில் புள்ளியியல் படித்துவிட்டு ஏற்காட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். மலைக் கிராமங்களில் குடிசைக்குப் பதிலாக ஓட்டு வீடு கட்டித் தரும் திட்டம் ஒன்று வந்தது. அதற்காகப் பழைய பங்களா ஒன்றில் அலுவலகம் திறந்தார்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எனக்குத் தெரிந்து அப்போது மலையில் வேறெங்கும் கம்ப்யூட்டர் கிடையாது. அதை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு இருந்த திமிரைச் சொல்லி முடியாது. பனி இறங்கினால் பிளாப்பிகள் பூஞ்சை பூத்துப் போகும் என்று மர அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு வைத்திருந்தோம். அதை அணைக்கும் உரிமைகூட எனக்கு மட்டும்தான்.

வேலை எளிமையானது. எளிமையானது என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று பட்டியல்கள். குடிசையில் இருப்பவர்கள் ஒன்று. சொந்தமாக மனை இருப்பவர்கள் இன்னொன்று. முந்தைய திட்டத்தில் ஏற்கெனவே வீடு வாங்கியவர்கள் மூன்றாவது; பழைய குடிசையையும் விடாமல் வைத்திருந்ததால் முதல் பட்டியலிலும் இருப்பார்கள். முதல் இரண்டிலும் பொதுவாக இருப்பவர்களை எடுத்து, அதிலிருந்து மூன்றாவது பட்டியலில் உள்ளவர்களைக் கழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இரண்டு வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்று வரைந்து நடுவில் கோடு போட்டு நிரப்புவோமே, அதேதான். மிஞ்சுகிறவர்கள் தகுதியுள்ளவர்கள். வீடுகள் குறைவு, ஆட்கள் அதிகம் என்பதால் அவர்களுக்குள் கம்ப்யூட்டரே குலுக்கல் போட்டு எடுக்கும். பேசிக் மொழியில் ப்ரோகிராம் எழுதி ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். திட்ட அதிகாரி என் முதுகில் தட்டாத குறை. அவர் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். குளிர் ஆகாது, காதைச் சுற்றி மப்ளர் கட்டியபடியே இருப்பார்.

“ஏம்மா, இனிமே சிபாரிசுன்னு ஒருத்தனும் வர முடியாது. மிஷின் சொல்லுதுன்னு சொல்லிடலாம் பாரு” என்றார்.

ஆட்களை அடையாளம் காண நான் எடுத்துக்கொண்டது மூன்று விஷயங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர். கணக்கெடுக்கப் போன வாத்தியார்கள் படிவத்தின் ஓரத்தில் நான்காவதாக ஒன்றையும் எழுதியிருந்தார்கள். ‘பலாமரத்து ஊடு’, ‘பாறைமேட்டு ஊடு’, ‘சுனைக்காட்டு ஊடு’ என்று. அதையும் ஏற்றினால் ஊருக்கு ஒரு பிளாப்பி என்ற கணக்கு இடித்தது. வரிசைப்படுத்தவும் நேரமானது. வேண்டாத சரக்கு என்று அந்தப் பத்தியை நானே தூக்கிப் போட்டேன். யாரும் சொல்லவில்லை. நானேதான் போட்டேன்.

வாழவந்தியில் குலுக்கல் முடிந்து பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய மறுநாள் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வாழவந்தியில் கொஞ்சம் மேட்டுக்காடு, சாமை போடுவார், வரப்போரம் நூறு காப்பிச் செடி. வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார்.

“ஏனுங்க அம்மிணி, நீங்கதானுங்களா அந்தப் பொட்டிய ஓட்டறது?”

“ஆமாங்க. உள்ள வாங்க, உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “எம்பட ஊட்டுச் சொவரு ஒரு பக்கமா உக்காந்துபோச்சுங்க. இந்த மழை தாங்காது. ஊடு கெடைக்கலைன்னா எஸ்டேட்டுல கூலியாளுக குடியிருக்கற லைனுக்குத்தான் போகோணும். லைன்ல ரூம் வேணும்னா நானும் எம்பொஞ்சாதியும் ரெண்டு பேருமே அங்க ஆளா நிக்கோணுமுங்க. காட்டை ஆரு பாக்கறது? நான் இதுவரைக்கும் ஒருத்தன் கிட்டயும் கூலிக்குப் போனதில்லீங்க.”

நான் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அன்றைக்கு இன்னும் மூன்று ஊர் முடிக்க வேண்டியிருந்தது. அவரை உட்காரவைத்து, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினேன். மிஷினுக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. எல்லார் பெயரும் உள்ளே போகும். எல்லாருக்கும் ஒரே அளவு வாய்ப்பு. இந்தத் தடவை உங்களுக்கு விழவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

“உழுகலைன்னாப் பரவால்லீங்க. நேரம்னு போயிரலாம். எம்பேரு உள்ள போச்சுங்களா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க, சாமி.”

“போயிருக்குமுங்க” என்றேன். போயிருக்கும் என்றுதான் சொன்னேன். போயிருந்தது என்று சொல்லவில்லை. இப்படி ஒரு அற்ப ஆறுதலை இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அவர் போன பிறகு என்னவோ மனசு கேட்கவில்லை. தகுதியுள்ளவர்களின் பட்டியலைத் திரையில் ஓட்டினேன். போகும்போது அவர் சொல்லிவிட்டுப் போன பெயரும் தகப்பன் பெயரும் அதில் இல்லை. குலுக்கலில் விழாதது வேறு, குலுக்கலுக்கே போகாதது வேறு. அந்த மனிதர் கேட்டது சரியான கேள்வி. பட்டம் வாங்கிய எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

பிழையைத் தேட உட்கார்ந்தேன். முதல் சந்தேகம் தட்டச்சின்மேல். படிவத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே ஏற்றியிருந்தது. குடிசைப் பட்டியலில் அவர் இருந்தார். மனைப் பட்டியலிலும் இருந்தார். இரண்டுக்கும் பொதுவானவர்களை எடுத்த இடத்திலும் இருந்தார். அடுத்த படியில் காணோம். ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் என்று எண்ணி அச்சடிக்கும்படி ப்ரோகிராமில் வரிகளைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. வாழவந்தியில் முன்பே வீடு வாங்கியவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரைக் கழித்த இடத்தில் பதினெட்டுப் பேர் குறைந்திருந்தார்கள்.

ஏழைக் கழித்தால் ஏழுக்குமேல் எப்படிக் குறையும்? நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் அப்பாவின் டீக்கடை நினைவுக்கு வந்தது.

மலையில் முதல் பிள்ளையை உச்சிச் சாமிக்கு நேர்ந்து, சாமி பெயரையே வைப்பார்கள். பேரனுக்குத் தாத்தா பெயர். ஆக ஒரே ஊரில் சாமி பெயரோடு எட்டுப் பேர் இருப்பார்கள், எட்டுப் பேருக்கும் அதே இரண்டு மூன்று பெயர்களில் ஒன்றுதான் தகப்பன் பெயர். அவர்களுக்குள் இதில் ஒரு குழப்பமும் கிடையாது. வீட்டை வைத்துத்தான் ஆளைச் சொல்வார்கள். நாங்கள் சேலத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம்தான், ஆனாலும் அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடி “வாங்க பலாமரத்தூட்டுக்காரரே”, “சுனைக்காட்டுக்காரருக்கு ஒரு டீ” என்று கூப்பிட்டுத்தான் நான் கேட்டு வளர்ந்தேன். அந்தக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். சமவெளியிலிருந்து வந்த ஒருவன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை.

பாறைமேட்டு வீட்டுக்காரர் என்று, என்னிடம் வந்து கேட்டவரின் பங்காளி ஒருவர், அதே பெயர், அதே தகப்பன் பெயர், சில வருஷம் முன்பு வீடு வாங்கியிருந்தார். அவரைக் கழித்தபோது மிஷின் இவரையும் சேர்த்துக் கழித்துவிட்டது. மிஷின்மேல் குற்றமில்லை. இரண்டு பேரும் ஒருவரே என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது நான்.

இப்படி ஏழுக்குமேல் கூடுதலாகக் கழிந்த பதினோரு பேரையும் படிவத்தில் தேடி எடுத்தேன். நான் தூக்கிப் போட்ட ஓரத்துக் குறிப்பை வாழவந்திக்கு மட்டும் மறுபடி ஏற்ற நான்கு நாள் பிடித்தது. பலாமரத்து ஊடு என்று, அன்றைக்கு வந்து கேட்டவரின் படிவத்தில் வாத்தியார் அழகாகவே எழுதியிருந்தார்.

புதிய பட்டியலில் ஏழைக் கழித்தால் ஏழுதான் குறைந்தது. அந்தச் சந்தோஷம் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. பழைய பட்டியலையும் ஒருமுறை குலுக்கிப் பார்க்கலாம் என்று மிஷினை அணைத்துப் போட்டு ஓட்டினேன். சுவரில் ஒட்டிய அதே பெயர்கள், அதே வரிசையில் வந்தன. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே. குலுக்கல் எண்களை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்லும் ஒரு வரி உண்டு. அதை எழுத மறந்திருந்தேன். அந்த வரி இல்லாவிட்டால் மிஷின் எப்போது போட்டாலும் முதலிலிருந்து அதே எண்களைத்தான் சொல்லும். அது குலுக்கலே இல்லை. பட்டியலில் பெயர்கள் எந்த வரிசையில் நின்றனவோ அந்த வரிசையே யாருக்கு வீடு என்று முடிவு செய்திருந்தது.

இரண்டு பிழையையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். பதினோரு பேர் சங்கதியை அவர் மப்ளரை நீவியபடி கேட்டார். இரண்டாவதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“எத்தனை தடவை ஓட்டினாலும் அதே பேருதான் வருதா?”

“ஆமா சார். வரக் கூடாது. அதுதான் தப்பு.”

“என்னம்மா தப்பு? பத்துத் தரம் கூட்டினாலும் ஒரே விடை வந்தா கணக்கு சரின்னுதானே அர்த்தம்? பேரு வரலைன்னு வெளிய சத்தம் போடறவங்களைக் கூப்பிடு. அவங்க கண்ணு முன்னால ஓட்டிக் காட்டுவோம்.”

நான் வாதாடினேன். உண்மையான குலுக்கலில் அதே பெயர்கள் அதே வரிசையில் இரண்டு முறை வருவதற்கு வாய்ப்பே இல்லை என்று சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. பட்டியல் மேலே போய் ஒப்புதலாகிவிட்டது, இப்போது தப்பு என்று எழுதினால் யார் தப்பு என்று கேட்பார்கள், உன் வேலை நிரந்தரமாகும் கோப்பு என் மேஜையில்தான் இருக்கிறது என்றார். மூன்றையும் ஒரே மூச்சில், அக்கறையாகவே சொன்னார். அதற்குமேல் நான் பேசவில்லை. பேசியிருக்கலாம். சேலத்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போகக் குப்பனூர் வழியாகவும் பஸ் இருந்தது, ஏற்காட்டிலிருந்து நேராகவும் இருந்தது.

மறுநாள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பலாமரத்து வீட்டுக்காரரும் வந்தார். அதிகாரி சொல்லச் சொல்ல நான் மிஷினை அணைத்து அணைத்துப் போட்டு மூன்று முறை ஓட்டினேன். பிரிண்டர் கிறீச்சிட்டு மூன்று தாள்களைத் துப்பியது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

“அடேங்கப்பா, நொம்ப சுத்தமுங்க” என்றார் ஒருவர்.

பலாமரத்து வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் பிரிண்டர் ரிப்பனைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். போகும்போது எல்லோரும் அதிகாரியைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ‘பட்டியல் சரிபார்க்கப்பட்டது’ என்ற தாளில் சாயங்காலம் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. அப்பா கடையில் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. தை பிறந்ததும் வேலையாக நாகலூர் போய்விட்டு ஏற்காட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். நிற்கக்கூட இடமில்லை. பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, “அம்மிணி, இங்க உக்காருங்க” என்றார். பலாமரத்து வீட்டுக்காரர். எஸ்டேட்டில் கொடுக்கும் காக்கிக் கோட்டுப் போட்டிருந்தார். கோட்டின் தோள் இரண்டும் அவருக்குப் பெரிதாகித் தொங்கின.

“சொவரு போயிருச்சுங்க” என்றார், நான் கேட்காமலே. “ரெண்டு பேரும் லைனுக்கு வந்துட்டமுங்க. காட்டைப் பங்காளி பாத்துக்கறான். பேர் எழுதற ரைட்டரு நல்ல மாதிரி. ஒண்ணும் கொறையில்லீங்க.”

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“நீங்க வெசனப்படாதீங்க. அன்னைக்கே உங்க மூஞ்சியப் பாத்தனுங்க, வாடிப்போயிருந்துச்சு. நீங்கதான சொன்னீங்க, எல்லார்த்துக்கும் ஒரே அளவுன்னு. எனக்கு உழுகலை. அதுக்கு ஆர என்னுங்க சொல்றது?”

நான் செய்த பாவத்துக்கு என்னையே ஆறுதல்படுத்திக்கொண்டு நின்றார் அந்த மனிதர். நான் அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் கம்பியைப் பிடித்துச் சாய்ந்து நிமிர்ந்தவர், குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“மறுக்கா ஒரு குலுக்கல் வந்துச்சுன்னா எம்பேரு போட்டுருவீங்களா, சாமி?”

அவர் வீடு இப்போது எஸ்டேட் லைன். குடிசையில் இருப்பவர்கள் பட்டியலில் இனி அவர் பெயர் வராது. நான் ஒரு பிழையும் இல்லாமல் ப்ரோகிராம் எழுதினாலும், அது அவரைச் சரியாகவே விலக்கிவிடும்.

“கண்டிப்பாப் போடறனுங்க” என்றேன்.