பகலில் சுவாசிக்காத செடி

அண்ணன் மனைவி உயிரியல் கற்பித்தாள். தம்பி மனைவி வேதியியல். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பள்ளி. பெரிய டீச்சர், சின்ன டீச்சர் என்றே பிள்ளைகள் அழைத்தார்கள். ஒளிச்சேர்க்கைப் பாடம் வந்தால் இலையைப் பெரியவளும் சமன்பாட்டைச் சின்னவளும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

வரும் ஆண்டு முதல் இரு பாடங்களுக்கும் ஒருவரே போதும் என்று நிர்வாகம் அறிவித்தது.

“ரெண்டு பேருமே முடியாதுன்னுடுவோம்க்கா. அப்புறம் யாரை வச்சுப் பாடம் நடத்துவாங்க, வாட்ச்மேனையா?” என்று சின்னவள்தான் முதலில் சொன்னாள். பெரியவள் தலைமையாசிரியரிடம் சென்று அவ்வாறே மறுத்துவிட்டு வந்தாள்.

அதன்பின் சின்னவளுக்கு உயிரியல்மேல் திடீர் ஆசை பிறந்தது. “இந்தச் சவ்வூடு பரவல் மண்டையில ஏறவே மாட்டேங்குதுக்கா.”

பெரியவள் பூரித்துப்போனாள். உருளைக்கிழங்குத் துண்டை உப்புநீரில் போட்டு, உள்ளிருக்கும் நீர் வெளியேற அது துவண்டுபோவதைக் காட்டினாள். நொதியை விளக்க ரொட்டியை மெல்லச் சொன்னாள்: உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் சற்று நேரத்தில் இனிக்கும்.

ஒரு நாள் வகுப்பறை ஒன்றைக் கடக்கையில், ரொட்டியை மெல்லச் சொன்னபோது தான் அடித்த வேடிக்கையே பெரியவள் காதில் விழுந்தது.

“வாயை மூடி மெல்லுங்க. உங்க வாயில இனிப்பு வர்றதுக்கு அது ஒண்ணுதான் வழி!”

பிள்ளைகள் சிரித்தார்கள். பேசியவள் சின்னவள். கடைசி வரிசையில் தலைமையாசிரியரும் நிர்வாகத்தாரும் அமர்ந்திருந்தார்கள். அந்த ஒற்றை வேலைக்கான மாதிரி வகுப்பு!

ஒரு சிறுமி எழுந்தாள். “செடி பகல்ல சுவாசிக்குமா, டீச்சர்?”

“சுவாசிக்காது. பகல்ல ஒளிச்சேர்க்கை, ராத்திரிதான் சுவாசம்.”

வாசலில் நின்றவளைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். “சரிதானேம்மா?”

தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். பிள்ளைகளுக்குப் பிழையைப் புகட்ட அவளுக்கு மனம் வரவில்லை. “இல்லைங்க சார். செடி எந்நேரமும் சுவாசிக்கும். பகல்ல அது விடுற கரியமில வாயுவை ஒளிச்சேர்க்கையே எடுத்துக்கும். அதனால வெளியே தெரியாது.”

சின்னவளின் முகம் ஒரு கணம்தான் வெளுத்தது. “என்னக்கா இது! நீங்கதானே எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?”

அத்தனை தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

வேலை சின்னவளுக்கே கிடைத்தது. அந்தப் பிழை பெரியவளின் பெயரில் பள்ளியில் தங்கிவிட்டது.

“சம்பளம் நம்ம வீட்டுக்குத்தானே வருது, அக்கா?” என்று அடுப்படியில் குழைந்தாள் சின்னவள்.

பெரியவள் கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இனிமே பாடத்துல சந்தேகம்னா புத்தகத்தைப் பாருங்க, டீச்சர்.”