ஆலங்குடிக் காக்காய்

யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? கரிவாயு பஸ் ஆலங்குடியில் நிற்கிறது. கண்டக்டர் பஸ்ஸின் பின்னாலுள்ள கரி அடுப்பின் விசிறியைச் சுற்றுகிறார். அனல் ஏறியதும் கிளம்பிவிடும்.

இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கு ஈடே இல்லையென்று புதுக்கோட்டையிலிருந்து மைத்துனரிடம் அளந்துகொண்டு வந்திருக்கிறேன். பட்டணத்துக்காரர். என் வீட்டில் அவருக்குப் பிடித்தது அவர் தங்கை ஒருத்திதான்.

கடைக்காரர் இலையைத் தொடவில்லை. "அமாவாசைங்க. காக்கா எடுக்காம எலை போடமாட்டேன்."

கூரைமேல் சோறும் வடையும் காத்திருக்கின்றன. நானும் வாசலில் நின்று 'கா கா' என்று கத்துகிறேன்.

"என்ன மாப்ளே, காக்காகிட்டயும் இந்தக் கடையைச் சிபாரிசு பண்ணிட்டீங்களா?" என்கிறார் மைத்துனர்.

ஒரு காக்காய் வருகிறது. சோற்றைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, பறந்துவிடுகிறது. பஸ் ஹாரன் அலறுகிறது. "ஏறுங்க, ஏறுங்க!"

என் மானம் போகிற நேரத்தில் காக்காய் திரும்பி வந்து வடையைக் கவ்வுகிறது.

"ஓடுங்க!" என்று கடைக்காரர் ஆளுக்கொரு வடையைக் கையில் திணிக்கிறார். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்கிறோம்.

மைத்துனர் கடிக்கிறார். நான் மூச்சுவிடாமல் அவர் தாடையையே பார்க்கிறேன். மென்று முடித்துவிட்டு, என் வடைக்குக் கை நீட்டுகிறார்.